நீலகிரி நீராவி ரயிலைப் படமெடுக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ரயில் ரசிகர்கள் சேர்ந்து தனி ரயில் பேசி, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை போகும் பயணங்களில் புதிதாக வருபவர்களைக் கவனித்து வருகிறேன். கேமராக்கள்தான் புதிது, சொதப்பல் எல்லாம் பழையது. பேட்டரியை சார்ஜ் போட மறப்பது, மெமரி கார்டை வீட்டிலேயே விட்டு வருவது போன்றவற்றை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, விட்டுவிடுகிறேன்.

என்ஜின் முன்னால் வரும் என்று நிற்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான்.

மேட்டுப்பாளையத்துக்கு அடுத்த ஸ்டேஷனான கல்லாறு தாண்டியதும் 12 அடிக்கு 1 அடி என்று ஏற்றம் நிற்கிறது. பெட்டி எதுவும் கழன்று கீழே ஓடிவிடக் கூடாது என்பதற்காக என்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும். மலையேறும்போது பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். இது ரயில் ரசிகர்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் ரன்பாஸ்ட் என்று குரல் கேட்டதும் மறந்துபோகும்.

ரன்பாஸ்ட் என்பது நமக்காகவே நடத்துவது. நல்ல இடத்தில் ரயிலை நிறுத்தி நம்மை இறக்கிவிடுவார்கள். ரயில் கொஞ்ச தூரம் பின்னால் இறங்கிப் போய், நீராவியைக் கக்கிக்கொண்டு மறுபடி ஏறி வரும். நாம் ஒரே வரிசையில் நின்று எடுக்க வேண்டும்.

அடர்லி ஸ்டேஷனுக்கு மேலே ஒரு வளைவில் அப்படி இறங்கினோம். முழங்கை நீள லென்ஸோடு வந்திருந்த ஒரு தம்பி, வளைவின் வெளிப்பக்கம் போய் நின்றார். இங்கே வந்து நில்லுங்கள் என்று கூப்பிட்டேன், தலையை மட்டும் ஆட்டினார். ரயில் தலைகாட்டியதும் பட்டனில் வைத்த விரலை எடுக்கவே இல்லை. படபடவென்று ஓடிய கேமரா பாதியில் நின்றுவிட்டது, எடுத்ததையெல்லாம் கார்டில் எழுதி முடிக்க வேண்டுமே. அதற்குள் என்ஜின் அவரைத் தாண்டிப் போயே போய்விட்டது. திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். எல்லாப் படத்திலும் முதல் பெட்டியின் முகப்பு, அதில் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேன், கூரைகளுக்கு மேலே கொஞ்சம் புகை.

"அண்ணே, இன்னொரு தடவை வரச் சொல்லலாமா?"

முடியாது தம்பி. பாதை ஒற்றைப் பாதை, நமக்குக் கொடுத்த நேரத்துக்குள் அடுத்த ஸ்டேஷனை அடைந்தாக வேண்டும். ஒவ்வொரு முறை இறங்கி ஏறுவதற்கும் கொதிகலனில் தண்ணீர் குறையும். இவ்வளவு செலவு செய்து வந்து, பெட்டியைப் படமெடுத்துக்கொண்டு போவதா?

என்ன செய்யலாம்? இறங்கியதும் வளைவு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள். மலை மூக்கைச் சுற்றிப் போகும் வளைவு உதவாது, உள்பக்கம் முழுக்கப் பாறையாக இருக்கும். ஓடைப் பள்ளத்தைச் சுற்றிப் போகும் வளைவுதான் வேண்டும். அதன் உள்பக்கம் திறந்திருக்கும், அங்கிருந்து பார்த்தால் முன்பெட்டி முதல் என்ஜின் வரை வில்லாக வளைந்து ஒரே படத்தில் விழும். ஃபோகஸை முன்கூட்டியே என்ஜின் வரப்போகும் இடத்தில் பூட்டிவிடுங்கள். முதல் பெட்டிக்கு ஒன்றிரண்டு படம் போதும். அப்புறம் விரலை எடுத்துவிட்டுக் காத்திருங்கள்.

வெள்ளை நீராவியை வெளிற விடுவது

என்ஜின் அடர்நீலம், அடிப்பாகம் கறுப்பு. கேமராவை அதன் போக்கில் விட்டால் இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும், நீராவி வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சம் பாதியாகும்படி) குறைத்து, ரா கோப்பாக, கேமரா பதப்படுத்தாத மூலப் படமாக எடுங்கள். நிழலைப் பிறகு மீட்டுக்கொள்ளலாம், வெளிறிப்போன வெள்ளையை மீட்க முடியாது.

ஷட்டரை 1/1000 வினாடியில் வைப்பது

ஏறும்போது ரயிலின் வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர் சொச்சம்தான். 1/1000 வைத்தால் நிறுத்தி வைத்த என்ஜின் மாதிரியே இருக்கும். 1/30 அல்லது 1/60-ல் கேமராவை ரயிலோடு சேர்த்துத் திருப்பிப் பாருங்கள், தண்டுகள் சுழல்வது தெரியும். இந்தப் பாதையில் ஓடும் எக்ஸ் வகை நீராவி என்ஜினுக்கு நான்கு சிலிண்டர்கள், பக்கத்துக்கு மேலொன்றும் கீழொன்றும். ஒரு ஜோடி சாதாரணச் சக்கரங்களை ஓட்டும், மற்றது, தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல் தண்டவாளத்தைக் கவ்வி ஏறும் பல்சக்கரத்தை. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை பல் தண்டவாளம் கிடையாது, இரண்டாவது ஜோடிக்கு வேலையும் கிடையாது. நான்கும் உழைக்கும் படம் வேண்டுமென்றால் கல்லாறுக்கு மேலே எடுங்கள். அதற்குள் பாதி கார்டைத் தீர்த்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கரும்புகை கேட்பது

ஃபயர்மேனிடம் "கொஞ்சம் புகை விடுங்க" என்று கெஞ்சாதீர்கள். கரும்புகை என்றால் எரிபொருள் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். காலைக் குளிரில் வரும் வெள்ளை நீராவிதான் படத்துக்கு அழகு.

வரிசையைத் தாண்டி முன்னே போவது

போகாதீர்கள்.

ஹில்குரோ ஸ்டேஷனில் பையைக் கீழே வைப்பது

என்ஜின் தண்ணீர் பிடிக்க நிற்கும், எல்லாரும் ஓடுவார்கள். குரங்குகளும் வரும். லென்ஸை அவை சீண்டாது, பிஸ்கட் பாக்கெட் இருக்கும் பையை விடாது. ஜிப்பைத் திறக்க அவற்றுக்குத் தெரியும்.