அடிபட்ட புறாவுக்கு முதலில் சூடு, அப்புறம்தான் தீனி

மலையகத்தில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் கைக்கு எப்போதாவது ஒரு புறா வந்து சேரும். லயத்துக் கூரையிடுக்கிலிருந்து விழுந்த குஞ்சு, ஜன்னல் கண்ணாடியில் மோதிய மணிப்புறா, பூனையின் வாயிலிருந்து பிள்ளைகள் பறித்துக்கொண்டு ஓடிவந்த மாடப்புறா. எடுத்து வருகிறவர்களின் மனதில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அந்தப் பறவைகளில் பல, பட்ட காயத்தைத் தாண்டி, எடுத்த முதல் ஒரு மணி நேரத்தில் நாம் செய்யும் உபசாரத்தால்தான் செத்துப்போகின்றன. இது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம், ஏனென்றால் இவற்றில் பெரும்பாலான தவறுகளைத் தவிர்க்கக் காசும் வேண்டாம், படிப்பும் வேண்டாம்.

வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தண்ணீரும் சாப்பாடும் கொடுப்பது நம் பழக்கம். புறாவிடம் அந்தப் பழக்கத்தைக் காட்டக்கூடாது. புறாவின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ். நுவரெலியா சுமார் 1,900 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் அங்கே புல்லில் உறைபனி படிவதுண்டு. அட்டன், தலவாக்கலைப் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் நாள் முழுவதும் ஈரக்காற்றுதான். அடிபட்டு அதிர்ச்சியில் இருக்கும் பறவையால் அந்தக் குளிரில் தன் சூட்டைக் காப்பாற்ற முடியாது. உடல் குளிர்ந்துபோனால் செரிமானமும் நின்றுபோகும். அந்த நேரத்தில் ஊட்டிய தீனி கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையிலேயே தங்கிப் புளித்துவிடும். குஞ்சாக இருந்தால் அதற்குப் பிறகு பிழைப்பது அரிது.

ஆகவே முதல் வேலை, ஒரு அட்டைப்பெட்டியைத் தேடுவது. பக்கங்களில் காற்றுக்குச் சில துளைகள் போடுங்கள். அடியில் பழைய பனியனையோ துவாயையோ விரியுங்கள். செய்தித்தாள் மட்டும் விரித்தால் கால் வழுக்கும். குஞ்சுகளுக்கு அதனாலேயே கால் அகன்று ஊனமாகிவிடும். ஒரு போத்தலில் வெந்நீர் நிரப்பி, துணியால் நன்றாகச் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் பறவை மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் இருக்க வேண்டும். வாயைத் திறந்து மூச்சிரைத்து, இறக்கைகளை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்திருந்தால் சூடு கூடிவிட்டது என்று பொருள். போத்தல் ஆறிப்போனால் அதுவே குளிரைக் கொடுக்கத் தொடங்கும், எனவே அவ்வப்போது நீரை மாற்ற வேண்டும்.

பெட்டியை அடுப்பங்கரையில் வைப்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். விறகடுப்பு எரிகிற வீட்டில் அதைச் செய்யாதீர்கள். பறவைகளின் சுவாச உறுப்புகளுக்குப் புகை ஆகாது. நமக்குக் கண் எரிகிற அளவுப் புகை அதற்கு மூச்சையே அடைத்துவிடும். காம்பராவின் ஒரு மூலையில், பூனை நாய் அண்டாமல், பெட்டியை மூடி இருட்டில் வையுங்கள். இஸ்தோப்பில் வைத்தால் போகிறவர் வருகிறவர் எல்லாம் திறந்து பார்ப்பார்கள்.

அப்படித் திறந்து பார்த்துத் தடவிக்கொடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் தடவும்போது புறா அசையாமல் இருக்கும். "பாருங்கம்மா, என்னிடம் பழகிவிட்டது" என்று பிள்ளை மகிழும். அது பழக்கம் இல்லை, பயம். வேட்டையாடப்படும் பறவை பிடிபட்டால் செத்ததுபோல் கிடப்பது அதன் இயல்பு. நெஞ்சு படபடவென்று அடிப்பதைக் கையிலேயே உணரலாம். சில நேரம் கையில் வாலிறகுகள் கொத்தாகக் கழன்றுவரும். வல்லூறு பிடித்தால் இறகை மட்டும் விட்டுவிட்டுத் தப்புவதற்கான ஏற்பாடு அது. பறவை சாகப்போகிறது என்று பதறவேண்டாம், இறகு திரும்ப முளைக்கும். ஆனால் அப்படிக் கழன்றால், இனி தொடாதே என்று பறவை சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தூக்க வேண்டியிருந்தால் மேலே ஒரு துணியைப் போட்டு, இரண்டு இறக்கைகளையும் மடித்தபடி பின்பக்கமிருந்து தூக்குங்கள். நெஞ்சை இறுக்கக்கூடாது. நமக்கு இருப்பதுபோன்ற உதரவிதானம் பறவைக்கு இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போகும். பாசத்தில் இறுக்கிப் பிடித்தே மூச்சை நிறுத்திவிடலாம். ஒடிந்த இறக்கைக்கு ஈர்க்குச்சி வைத்து உடம்போடு சேர்த்துக் கட்டுகிறவர்களும் இதே தவறைத்தான் செய்கிறார்கள். பறவையின் எலும்பு மிக விரைவாகக் கூடத் தொடங்கும், ஒரு வாரம் போதும். கோணலாகக் கூடிவிட்டால் பிறகு எந்த வைத்தியராலும் அதைப் பறக்கவைப்பது கடினம். தொங்கும் இறக்கையோடு பறவையைப் பெட்டியில் வைத்து அன்றோ மறுநாளோ கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோவதுதான் சரி.

தண்ணீர் கொடுப்பதில் நடக்கும் தவறு இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது. அலகைப் பிரித்துத் தேக்கரண்டியால் ஊற்றுவார்கள். புறாவின் மூச்சுத்துளை நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே திறந்திருக்கிறது, ஊற்றிய நீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். கோழி ஒரு வாய் அள்ளித் தலையை உயர்த்தி விழுங்கும். புறா அப்படிக் குடிப்பதில்லை. அலகை நீருக்குள் அமிழ்த்தி, தலையைத் தூக்காமலே உறிஞ்சிக் குடிக்கும். அதனால் உடம்பு சூடேறிய பிறகு, ஒரு சிரட்டையில் வெதுவெதுப்பான நீர் வைத்து, அலகின் நுனியை மட்டும் மெல்லத் தொடவையுங்கள். மூக்குத் துவாரம் நனையக்கூடாது. குடிக்க நினைத்தால் அதுவே உறிஞ்சும். தலையை நிமிர்த்தக்கூட முடியாத பறவைக்குத் தண்ணீரே காட்டவேண்டாம்.

பசும்பாலும் பால்மாவும் கூடவே கூடாது. புறாவுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிக்காது. "புறாப் பால் என்று ஒன்று இருக்கிறதே" என்று கேட்பார்கள். இருக்கிறது. தாயும் தந்தையும் இரண்டுமே தீனிப்பையின் உட்சுவரிலிருந்து சுரந்து குஞ்சுக்கு ஊட்டும் கெட்டியான உணவு அது. கொழுப்பும் புரதமும் நிறைந்தது, பசும்பாலோடு எந்த உறவும் இல்லை.

தீனி என்று வரும்போது, கையில் இருப்பது எந்தப் புறா என்று பார்க்காமல் கொடுப்பது நம் ஊர்களில் சாதாரணமாக நடக்கிறது. மணிப்புறாவும் மாடப்புறாவும் தானியம் தின்பவை. பச்சரிசி, குரக்கன், பாசிப்பயறு, உடைத்த சோளம் போதும். பாணும் பிஸ்கட்டும் வேண்டாம். ஆனால் ஹக்கலை, ஹோட்டன் சமவெளிப் பக்கத்துக் காடுகளில் இலங்கைக்கே உரிய ஒரு மலைப்புறா இருக்கிறது. அதன் கழுத்திலும் மணிப்புறாவைப்போலக் கறுப்பு வெள்ளைக் கோலம் உண்டு, சதுரங்கப் பலகையைப்போல. மணிப்புறாவைவிடப் பெரியது, சாம்பல் நிறம், தலையில் ஊதாச் சாயல். அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் இருப்பது. அதற்கும், பச்சைப்புறாவுக்கும் முக்கிய உணவு காட்டுப்பழங்கள். அரிசியைத் தூவிவிட்டு "தின்னமாட்டேன் என்கிறது" என்று கவலைப்பட்டுப் பயனில்லை. பழுத்த பப்பாசியையோ வாழைப்பழத்தையோ சிறு துண்டுகளாக வைத்துவிட்டு, உடனே வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். அவர்களுடைய அவசர எண் 1992.

குஞ்சுகளின் கதை வேறு. மணிப்புறாவின் கூடு நாலைந்து குச்சிகளை அடுக்கியதுபோல் இருக்கும், கீழிருந்து பார்த்தால் இரண்டு வெள்ளை முட்டைகளும் தெரியும். ஒரு காற்றடித்தால் குஞ்சு கீழே வந்துவிடும். அதேபோல், இரண்டு வாரம் ஆன குஞ்சு தானாகவே கூட்டைவிட்டு இறங்கி, சரியாகப் பறக்கத் தெரியாமல் தேயிலைச் செடியடியில் உட்கார்ந்திருக்கும். இறகு முழுதாக முளைத்து, கழுத்தில் இன்னும் புள்ளி விழாமல் இருந்தால் அது அந்தப் பருவத்துக் குஞ்சு. அதற்கு அடிபடவில்லை. தாய் அருகில்தான் எங்கோ இருக்கும். அதை வீட்டுக்குக் கொண்டுவருவது, தாயிடமிருந்து பிள்ளையைப் பறிப்பது. பூனை வரும் இடமாக இருந்தால் பக்கத்துக் கிளையில் உயர்த்தி வைத்துவிட்டுத் தள்ளிப்போய்க் கவனியுங்கள்.

மஞ்சள் நிற மயிர் இன்னும் போகாத சிறு குஞ்சு என்றால் கூட்டிலேயே திரும்ப வைக்கலாம். கூடு சிதைந்திருந்தால், அடியில் துளையுள்ள சிறு பிரம்புக் கூடையில் காய்ந்த புல் போட்டு அதே மரத்தில் கட்டுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. குஞ்சின் உடம்பு குளிர்ந்திருந்தால் மட்டும் முதலில் சூடேற்றிவிட்டு வையுங்கள்.

தாய் வரவே இல்லை, வைத்தியரும் தொலைவில் என்றால், மைனாக் குஞ்சுக்கு ஊட்டுவதைப்போல வாய்க்குள் போட முடியாது. புறாக்குஞ்சு வாயைப் பிளந்து காத்திருக்காது. தன் அலகைத் தாயின் வாய்க்குள் நுழைத்து வாங்கித் தின்னும். ஊறவைத்த பாசிப்பயறை ஒவ்வொன்றாக, நாக்குக்குப் பின்னால் வைத்தால் விழுங்கும். தீனிப்பை காலியாகித் தட்டையான பிறகுதான் அடுத்த வேளை.

பூனை கடித்ததைச் சிறிய காயம் என்று விட்டுவிடாதீர்கள். இறகை ஊதி விலக்கிப் பார்த்தால் ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளி மட்டும் தெரியும். பூனையின் வாயிலுள்ள பக்டீரியா அந்தத் துளைவழியே இரத்தத்தில் கலந்து, இரண்டு மூன்று நாளில் பறவையைக் கொன்றுவிடும். அன்றைக்கே வைத்தியரிடம் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து வாங்கவேண்டும். வீட்டிலிருக்கும் மாத்திரையை உடைத்துக் கொடுக்கக்கூடாது, பனடோலும் கூடாது. புண்ணில் கோப்பித்தூள் அப்புவது, மஞ்சளும் எண்ணெயும் பூசுவது, பேனுக்கு மண்ணெண்ணெய் தடவுவது எல்லாம் வேண்டாம். எண்ணெய் பட்ட இறகு ஒட்டிப்போய்க் குளிரைத் தடுக்காது. நம் மலையில் அதன் விளைவு என்ன என்று மேலே சொல்லிவிட்டேன். இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்துங்கள். புண்ணைக் கழுவக் கொதித்தாறிய அரை லீற்றர் நீரில் ஒரு மட்டத் தேக்கரண்டி உப்புப் போதும்.

கண்ணாடியில் மோதிய புறாவை மேலே எறிந்து "பறக்கிறதா பார்ப்போம்" என்று சோதிப்பதுண்டு. மோதிய கண்ணாடியைப் பாருங்கள்: விரித்த இறக்கை, மார்பு, தலை எல்லாம் வெண்தூளாகப் பதிந்திருக்கும். புறாவின் இறகில் இயற்கையாக இருக்கும் பொடி அது. அவ்வளவு வேகத்தில் மோதிய பறவைக்கு மூளை அதிர்ந்திருக்கும். இருட்டுப் பெட்டியில் இரண்டு மணி நேரம் விட்டுவிட்டுப் பிறகு தோட்டத்தில் பெட்டியைத் திறந்தால், முடிந்தால் அதுவே போய்விடும்.

காலில் நைலோன் நூல் சிக்கிய புறாக்களும் அதிகம்; உரப்பையிலிருந்து பிரிந்த இழையும் மரக்கறிப் பாத்தி வலையும்தான் காரணம். இழுக்காதீர்கள். வெந்நீரில் காலை ஊறவைத்து, சிறு கத்தரியால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள்.

வாய்க்குள் மஞ்சளாகப் பாலாடைக்கட்டி ஒட்டியிருப்பதுபோல் தெரிந்தால் அது ஒட்டுண்ணி நோய். சுரண்டினால் இரத்தம் பெருகும். கழுத்து திருகி வட்டமடித்தால் கோழிகளுக்கும் தொற்றக்கூடிய வைரஸ் நோயாக இருக்கலாம். எந்தப் புறாவையும் கோழிக்கூட்டில் விடாதீர்கள், தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், எச்சத்தைக் காயவிட்டுக் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையைப் பிறரிடம் விடுவது நல்லது. பிரதேச கால்நடை வைத்திய அலுவலகத்தில் பார்க்க முடியாத பறவைக்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலை இருக்கிறது.

தேறிய பறவையை வளர்க்கலாமே என்று ஆசை வரும். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் காட்டுப்பறவைகளைக் காக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அதன் ஜோடி வெளியே காத்திருக்கலாம். அறைக்குள் தடையில்லாமல் எழும்பி உயரத்தில் போய் உட்கார்கிறதா, தானாகத் தின்கிறதா என்று பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே விடுங்கள். மாலையில் விடவேண்டாம், பிற்பகலில் மூடுபனி இறங்கினால் அதற்குத் தங்குமரம் தேட நேரம் கிடைக்காது. மழை விட்ட ஒரு காலை, வெயில் ஏறிய பிறகு, பெட்டியைத் தரையில் வைத்து மூடியைத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள்.