மூன்றாவது ஆசிலேட்டரும் இறங்கிய சுருதியும்

என் யூரோரேக் பெட்டியில் (தனித்தனி மாட்யூல்களை மாட்டி உருவாக்கும் சிந்தசைசர்) மூன்றாவது ஆசிலேட்டரை, அதாவது ஒலியை எழுப்பும் மாட்யூலை, சேர்த்த அன்றே சுருதி கெட்டது. கீழ் ஸ்வரங்கள் பரவாயில்லை. மேலே போகப் போக இறங்கியது. முதலில் பவர் சப்ளையைத்தான் சந்தேகப்பட்டேன். மீட்டர் வைத்துப் பார்த்தால் +12, −12 இரண்டும் சரி. அப்புறம்தான் சீக்வென்சர் (ஸ்வரங்களை வரிசையாக அனுப்பும் மாட்யூல்) தரும் பிட்ச் வோல்டேஜை, அதாவது எந்த ஸ்வரம் என்று சொல்லும் வோல்டேஜை, மூன்றாகப் பிரிக்கும் பாசிவ் மல்டிப்பிள் மேல் கண் போனது. அது வெறும் வயர் இணைப்புதான்.

சீக்வென்சர் அவுட்புட்டில் 1 கிலோஓம் மின்தடை, ஒவ்வொரு ஆசிலேட்டர் இன்புட்டிலும் 100 கிலோஓம். இன்புட்கள் கூடக் கூட வோல்டேஜ் இறங்கும். ஒன்றை மட்டும் செருகினால் 4 வோல்ட் 3.96 ஆகிறது, மூன்றையும் செருகினால் 3.88. ஆக்டேவுக்கு 1 வோல்ட் என்ற கணக்கில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட ஒரு அரைஸ்வரம்!

வோல்டேஜ் இறங்காமல் ஒவ்வொரு இன்புட்டுக்கும் அனுப்பும் பஃபர் உள்ள மல்டிப்பிளை மாட்டி, ஆசிலேட்டர்களை அரை மணி நேரம் சூடேறவிட்டு மறுபடி ட்யூன் செய்தேன். மூன்றும் ஒரே ஸ்வரத்தில் சேர்ந்து ஒலித்தபோது அவ்வளவு நிம்மதி. மாட்யூலை மாட்டும்போது அதற்குப் பவர் தரும் ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு −12 பக்கம் இருக்கிறதா என்று இருமுறை பாருங்கள்.