கிரேக்க ஓவியக் கலங்கள்: பார்ப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

கறுப்பை வண்ணம் என்று நினைப்பதுதான் முதல் சறுக்கல். ஏதென்ஸ் குயவர்கள் கறுப்புச் சாயம் எதையும் தீட்டவில்லை. கலம் வனைந்த அதே இரும்புச்சத்துள்ள களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து, கனத்த துகள் அடியில் தங்கியபின் மேலே நிற்கும் நைசான குழம்பைப் பூசினார்கள். மிச்சம் சூளையின் வேலை. காற்று தாராளமாகப் போகவிட்டு ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் வரை சுட்டால் கலம் முழுக்கச் சிவக்கும். பிறகு காற்றுத் துளையை அடைத்து, பச்சை விறகு போட்டு, 900-950 டிகிரிக்கு ஏற்றினால் எல்லாமே கறுக்கும். குழம்பு பூசிய இடம் மட்டும் உருகி இறுகிவிடும். கடைசியில் துளையைத் திறந்ததும் பூசாத மண் மறுபடி சிவக்கும். இறுகிய இடத்துக்குள் காற்று புகாது, கறுப்பு நிற்கும்.

சூளையில் கலங்கள் ஒன்றையொன்று நெருக்கினால் அந்த இடம் சரியாகக் கறுக்காமல் செம்பழுப்புத் திட்டாகிவிடும். அதை ஓவியத்தில் சேர்த்துப் பொருள் சொல்ல வேண்டாம். கீழடியின் கறுப்பு-சிவப்புப் பானையும் இதுவும் ஒன்றல்ல. அதில் உட்புறமும் வாயும் கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு.

கரிய உருவப் பாணியில், அதாவது மண்நிறப் பின்னணியில் உருவங்களைக் கறுப்பாகத் தீட்டும் பாணியில், பெண்களின் தோலுக்குக் கறுப்பின் மேல் வெள்ளை பூசுவார்கள். அது எளிதில் உதிரும். உதிர்ந்த முகத்தைப் பார்த்து ஆண் என்று முடிவுகட்டாமல், ஆடையையும் மங்கிய வெள்ளைச் சுவட்டையும் தேடுங்கள். கி.மு. 530 வாக்கில் தொடங்கிய செவ்வுருவப் பாணியில் பின்னணிதான் கறுப்பு. ஆண், பெண் இருவரும் மண்நிறம். அங்கே இந்த விதி உதவாது.

சிங்கத்தோல் போர்த்தியிருந்தால் கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளீஸ், சரி. ஆனால் அந்தத் தோலுக்குரிய நெமியா சிங்கத்தோடு அவன் மல்லுக்கட்டும் காட்சியில் தோலைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. தோல் இன்னும் சிங்கத்தின் மேல்தானே இருக்கிறது!

கலத்தின் மேல் உள்ள எழுத்துகளிலும் கவனம் தேவை. ‘எக்ராப்சென்’ என்றால் தீட்டினான். ‘எபோயேசென்’ என்றால் செய்தான். ஒரு பெயருக்குப் பக்கத்தில் ‘கலோஸ்’ என்றிருந்தால் அவர் ஓவியரும் அல்ல, கதாபாத்திரமும் அல்ல. அழகன் என்று அக்காலத்தில் பாராட்டப்பட்ட இளைஞர்.

வத்திக்கானில் உள்ள, ஏதென்ஸ் குயவரும் ஓவியருமான எக்சேகியாஸின் கலத்தில் இந்தச் சிக்கல்கள் சில ஒன்றாக வருகின்றன. இத்தாலியின் வுல்ச்சியில் கிடைத்தது. எனவே அங்கே வாழ்ந்த பழங்கால எட்ரஸ்கன் மக்களின் வேலை என்று எண்ணத் தோன்றும். ஆனால் ஏதென்ஸில் செய்து இத்தாலிக்குப் போனது. டிராய் போரின் கிரேக்க வீரர்கள் அக்கிலீஸும் அஜாக்ஸும் குனிந்து பலகை விளையாட்டு ஆடுகிறார்கள். தலைக்கவசத்தோடு இடப்பக்கம் இருக்கும் அக்கிலீஸின் வாயருகே ‘நான்கு’, அஜாக்ஸின் வாயருகே ‘மூன்று’ என்று எழுதியிருக்கிறது. அவரவர் சொல்லும் எண் அது. இதற்கான வரியை, டிராய் போரைப் பாடும் ஹோமரின் இலியட் காவியத்தில் தேடிப் பயனில்லை. அங்கே இந்த ஆட்டமே கிடையாது.