பிறசரும் சீனி வருத்தமும் உள்ளவர்கள் ஊருக்குப் போகும்போது

இரண்டு வருத்தமும் சேர்ந்து இருப்பவர்களுக்கு யாழ்ப்பாணத்து விடுமுறையில் கலியாணவீட்டு இலை பெரிய ஆபத்தல்ல. அது ஒருநாளோடு முடிந்துவிடும். கணக்கைக் குழப்புவது போகிற வீடெல்லாம் கிடைக்கும் தேத்தண்ணியும், காலையும் இரவும் புட்டோடு வரும் சம்பலும்தான். மூன்றாவது, யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காத வெயில். லண்டனிலும் கனடாவின் ஸ்காபரோவிலும் அளவாக வேலை செய்த அதே பிறசர்க் குளிசை, 33, 34 பாகை வெயிலில் வேர்த்து நீர் வற்றிய உடம்பில் அளவுக்கு மிஞ்சி வேலை செய்யும். ஆகவே ஒரே கிழமையில் உப்பால் பிறசர் ஏறுவதும் வெயிலால் இறங்குவதும் நடக்கலாம்.

புறப்பட முன்

வைத்தியரிடம் மூன்று கேள்விகளுக்கு விடையை எழுதி வாங்குங்கள். தலைச்சுற்று வந்து பிறசர் இறங்கினால் எந்தக் குளிசையைக் குறைப்பது? வயிற்றோட்டம், சத்தி வந்தால் எவற்றை நிறுத்துவது? கடைசி இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகமும் பொட்டாசியமும் எப்படி இருந்தன? மூன்றாவது விடையில்தான் பொட்டாசியம் உள்ள இளநீரும் கீரையும் எவ்வளவு என்பது தங்கியிருக்கிறது. மருந்துப் பட்டியலில் கம்பனிப் பெயரை மட்டும் எழுதாமல் மருந்தின் பொதுப்பெயரையும் மில்லிகிராமையும் எழுதுங்கள். கம்பனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். பிறசர்க் குளிசையான லொசாட்டன் எங்கே போனாலும் லொசாட்டன்தான்.

அலகுகளில் தடுமாறுகிறவர்கள் பலர். பிரித்தானியாவிலும் கனடாவிலும் குருதிச் சீனியை மில்லிமோலில் சொல்வார்கள். இலங்கை ஆய்வுகூட அறிக்கை பெரும்பாலும் மில்லிகிராமில் இருக்கும். மில்லிமோலை 18 ஆல் பெருக்குங்கள்: 4 என்பது 72, 7 என்பது 126, 10 என்பது 180. அறிக்கையில் 140 என்று கண்டு பதறவேண்டாம், அது உங்கள் 7.8தான். மூன்று மாதச் சராசரியில் (HbA1c) பிரித்தானியர் 53 என்று சொல்வது இங்கே 7 வீதம். பிரான்சிலிருந்து வருகிறவர்கள் பிறசரை "14க்கு 9" என்று சொன்னால் ஊர்த் தாதிக்கு விளங்காது. 140க்கு 90 என்று சொல்லுங்கள்.

மருந்தும் இன்சுலினும் கைப்பையில்தான் வரவேண்டும். சரக்குப் பகுதியின் குளிரில் இன்சுலின் உறைந்தால் பிறகு அதைப் பாவிக்கமுடியாது. குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில், ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் சிறிய சட்டியை வைத்து, மருந்தை அதற்குள் மூடி நிழலில் வையுங்கள்; அறை வெப்பத்தைவிட சில பாகையாவது குறைவாக இருக்கும். சென்னை வழியாகப் போகிறவர்கள் அங்கே இன்சுலின் வாங்கவேண்டி வந்தால் குப்பியைப் பார்த்து வாங்குங்கள். இந்தியக் குப்பிகள் பலவற்றில் ஒரு மில்லிலீற்றருக்கு 40 அலகுதான். 100 அலகு ஊசியால் அதை எடுத்தால் பாதிக்கும் குறைவாகவே உடம்பில் ஏறும்.

உப்பு எங்கே ஒளிந்திருக்கிறது

ஒருநாளைக்கு 5 கிராம் உப்பு, அதாவது தட்டிய ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு, எல்லாம் சேர்த்து. ஆனையிறவு உப்பென்றாலும் இந்துப்பு என்றாலும் கணக்கு ஒன்றுதான். கட்டியுப்பு கரண்டியில் இடைவெளிவிட்டு நிற்பதால் குறைவாகத் தெரியும், அவ்வளவே.

யாழ்ப்பாணத்துச் சோற்றில் பெரும்பாலும் உப்புப் போடுவதில்லை. இது பலர் கவனிக்காத நல்ல செய்தி. புட்டுக்கும் இடியப்பத்துக்கும் மா குழைக்கும்போதே உப்புச் சேர்ந்துவிடும். அதன்மேல் சொதி, சம்பல், கறி என்று மூன்று உப்பு. ஆகவே உப்பைக் கட்டுப்படுத்த மத்தியானச் சோறுதான் வசதியான சாப்பாடு. கறியைக் குறைத்தாலே உப்புக் குறையும்; இரவுப் புட்டில் அது நடவாது.

பாணுக்கு உப்புருசி தெரியாது, ஆனால் உப்பு இருக்கிறது. கால் றாத்தல் பாண் ஏறக்குறைய 110 கிராம். அதில் 1 கிராமுக்கு மேல் உப்பும், 55 கிராம் அளவில் மாச்சத்தும் வரும். பருப்புக் கறியோடு அரை றாத்தல் சாப்பிடுகிறவர் காலையிலேயே நாளின் பாதிக் கணக்கை முடித்துவிடுகிறார். அப்பளம், மோர்மிளகாய், வடகம், ஊறுகாய் ஆகியவற்றில் உப்பால்தான் பண்டமே கெடாமல் இருக்கிறது. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது, அதுவும் சோடியம்தான். கொத்துரொட்டி ஒரு பார்சல் இரண்டு பேருக்குப் போதும். "குழம்பு தனியப் போடுங்கோ" என்று கேட்டால் போட்டுத் தருவார்கள்.

கறியில் உப்பைக் குறைக்கச் சொல்வது வீட்டுக்காரருக்குச் சங்கடம். மற்றவர்களுக்கும் ருசி கெடும். இதற்கு ஒரு வழி உண்டு. சமையலைத் தொடங்க முதலே, "அக்கா, உப்புப் போட முதல் எனக்கு ஒரு கோப்பை எடுத்து வையுங்கோ" என்று சொல்லுங்கள். பிறகு அந்தக் கோப்பைக்குத் தேசிக்காய்ப் புளியும் மிளகுத்தூளும் விட்டுச் சாப்பிடலாம். புளி தூக்கினால் நாக்கு உப்பை அதிகம் தேடாது. மீன்கறிக்கு இது நன்றாகப் பொருந்தும். பருப்புக்கு உள்ளியும் செத்தல் மிளகாயும் தாளித்தால் சரிவரும். பொரியலுக்கு மீனை உப்பும் தூளும் பூசி ஊறவைப்பதால் பிறகு கழற்ற வழியில்லை. அதை விட்டுவிடுங்கள்.

தண்ணீரையும் பாருங்கள். தீவுப்பகுதியிலும் கரையோரத்திலும் பல கிணறுகள் உவர். உவர்த்தண்ணியைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்புப் போகாது. தண்ணீர் வற்ற உப்புச் சற்றுக் கூடும். குடிக்கவும் தேத்தண்ணிக்கும் சோறு வடிக்கவும் நல்ல தண்ணியோ சுத்திகரித்த போத்தல் தண்ணியோ வேண்டும்.

இரண்டு அறிவுரைகளைக் கேட்டவுடன் நம்பவேண்டாம். முதலாவது, "உப்புக்குப் பதிலாகப் பொட்டாசியம் உப்பு". லொசாட்டன், எனலப்பிரில், ஸ்பைரனோலக்ரோன் போன்ற பிறசர்க் குளிசை எடுப்பவருக்கும் சிறுநீரகம் தளர்ந்தவருக்கும் அது இதயத் துடிப்பையே குழப்பக்கூடும். இரண்டாவது, கரைத்துக் குடிக்கும் பரசிற்றமோல். வழக்கமான 500 மில்லிகிராம் கரையும் குளிசை ஒன்றில் சுமார் 400 மில்லிகிராம் சோடியம் உண்டு. அது 1 கிராம் உப்புக்குச் சமம். தலையிடிக்கு நாளுக்கு ஆறு கரைத்தால் ஒரு சாப்பாட்டிலும் வராத உப்பு உள்ளே போகும். விழுங்கும் குளிசை வாங்குங்கள். உடம்புவலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோபெனாக் தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது பிறசரையும் ஏற்றும், சிறுநீரகத்தையும் தாக்கும். நாட்டு மருந்துக் குடிநீரில் அதிமதுரம் இருக்கிறதா என்று கேளுங்கள். நாட்கணக்கில் குடித்தால் அதிமதுரமும் பிறசரை உயர்த்தும்.

மா, சோறு, தேத்தண்ணி

அரிசிமா 100 கிராமில் சுமார் 80 கிராம் மாச்சத்து. ஒருவருக்கு 50 கிராம் மாவில் புட்டு என்று வைத்தால் 40 கிராம்; பெரும்பாலானவர்களுக்கு ஒரு வேளைக்கு அது போதும். குறைவாகத் தெரிந்தால், குழைத்த மாவோடு முருங்கை இலையோ கீரையோ அரிந்து சேர்த்துக் கீரைப்புட்டாக அவிக்கலாம். தட்டும் நிரம்பும், சீனியும் நிதானமாக ஏறும். சிவப்பரிசி மா வெள்ளை மாவைவிட ஓரளவு நல்லது. ஆனால் "குரக்கன்தானே" என்று இரண்டு மடங்கு சாப்பிடுவதில் பலன் இல்லை. குரக்கன் மாவிலும் 100 கிராமுக்கு 70 கிராமளவில் மாச்சத்து உண்டு.

சோறு ஒரு தேத்தண்ணிக் கோப்பை, சுமார் 150 கிராம். அதில் 40 முதல் 45 கிராம் வரை மாச்சத்து. புழுங்கலரிசி பச்சையரிசியைவிட மெதுவாகச் சீனியை ஏற்றும். தட்டில் முதலில் கீரையும் மீனும் சாப்பிட்டு, சோற்றைக் கடைசியில் தொடுங்கள். அளவை மாற்றாமல் ஒழுங்கை மாற்றினாலே ஏற்றம் குறையும். வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி, வாழைப்பூ, பயிற்றங்காய், கத்தரிக்காய் எல்லாம் நல்லது. வதக்க எண்ணெய் ஊற்றியதைத் தவிர. ஒடியல் கூழ் ஒரு கோப்பை குடித்தால் அன்றிரவு சோறோ புட்டோ வேண்டாம். அதற்குள்ளேயே மாவும் கிழங்கும் புளியும் உப்பும் இருக்கின்றன.

தேத்தண்ணிதான் மெதுவாகக் கொல்வது. ஒரு கோப்பையில் மூன்று தேக்கரண்டி சீனி என்றால் 12 முதல் 15 கிராம். நாளுக்கு நாலு வீட்டுக்குப் போனால் 48 முதல் 60 கிராம் வரை, அதோடு பால்மா. மறுத்தால் மனம் நோகும், அதனால் மறுக்கவேண்டாம். "மாமி, வெறுந்தேத்தண்ணி தாங்கோ, சீனியைத் தனிய வையுங்கோ" என்றால் யாரும் மனம் நோகமாட்டார்கள். பனங்கட்டியைக் கடித்துக் குடித்தால் ஒன்றும் செய்யாது என்பது ஊரில் பலமான நம்பிக்கை. பனங்கட்டியும் பெரும்பாலும் சீனியே. பனங்கற்கண்டும் கருப்பணியும் (பதநீர்) அப்படித்தான். ஆசைக்கு ஒரு சிறு துண்டு, அதுவும் ஒரு வீட்டில் மட்டும்.

கறுத்தக்கொழும்பான் மாம்பழப் பருவத்தில் போகிறவர்கள் சாப்பிடாமல் வரப்போவதில்லை. 100 கிராம் மாம்பழத்தில் 15 கிராம் மாச்சத்து என்று கணக்குப்போட்டு, பெரிய பழத்தில் கால் பங்கை எடுங்கள். சோற்றுக்குப் பின் சாப்பிடாமல், பின்னேரம் தனியாகச் சாப்பிடுங்கள். சாற்றாக அடிக்கவேண்டாம். கப்பல் வாழைப்பழம் ஒன்று போதும். கொய்யாவுக்கு அவ்வளவு பயம் தேவையில்லை.

வெயிலும் இளநீரும் விரதமும்

வேர்க்கும் நாளில் தாகம் எடுக்க முன்னமே தண்ணி குடியுங்கள். இதயம், சிறுநீரகம் காரணமாகத் தண்ணியைக் கட்டுப்படுத்தச் சொன்னவர்கள் மட்டும் அந்த அளவைத் தாண்டவேண்டாம். நீர்போக்கும் குளிசை எடுப்பவர் காலையில் எழும்பும்போது தலைசுற்றினால், இருந்தபடி ஒருமுறையும் எழுந்து ஒரு நிமிடம் நின்றபின் ஒருமுறையும் பிறசரை அளக்கவேண்டும். மேலெண் 20க்கு மேல் விழுந்தால் நீர் வற்றியிருக்கலாம். அப்போது உப்பைக் கூட்ட வேண்டாம், வைத்தியரின் தாளைப் பாருங்கள்.

240 மில்லிலீற்றர் இளநீரில் சுமார் 600 மில்லிகிராம் பொட்டாசியமும் 6 கிராமளவில் சீனியும் உண்டு. ஒரு பெரிய காயில் அதற்கு மேலேயே தண்ணி இருக்கும். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு நாளுக்கு ஒன்று சரி. சிறுநீரகம் தளர்ந்தவர், ஸ்பைரனோலக்ரோன் எடுப்பவர், லொசாட்டன், எனலப்பிரில் போன்றவற்றை எடுத்து பொட்டாசியம் உயர்ந்திருக்கிறது என்று சொல்லப்பட்டவர், இவர்களுக்கு இளநீர் ஆரோக்கிய பானமல்ல.

நல்லூர்த் திருவிழா 25 நாள். விரதம் பிடிக்கிறவர் சீனியை இறக்கும் கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட், இன்சுலின் இவற்றில் எதையாவது எடுத்தால், வெறும்வயிற்றில் குளிசை போட்டுக்கொண்டு தேர் வடம் பிடிக்கப் போகக்கூடாது. விரதநாளில் எதைக் குறைப்பது, எந்த நேரத்துக்கு மாற்றுவது என்று முன்கூட்டியே கேட்டு வாருங்கள். உடம்பு நடுங்கி, வேர்த்து, குருதிச்சீனி 70 மில்லிகிராமுக்கு (மில்லிமோலில் 3.9க்கு) கீழே போனால் விரதம் அங்கேயே முடிந்தது: 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணியில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் திரும்ப அளந்து பாருங்கள். கால் மரத்தவர்கள் மத்தியான வெயிலில் வீதி மணலில் வெறுங்காலோடு நடக்கவேண்டாம். சூடு தெரியாமலே கொப்புளம் வந்து, அது புண்ணாகும். சாப்பாட்டு வழிகாட்டியில் இதற்கு இடமில்லைதான், ஆனாலும் சொல்லவேண்டியது.

வயிற்றோட்டம் வந்த நாளில் கணக்கு முழுதும் மாறும். சத்தியும் வயிற்றோட்டமும் நிற்கும்வரை சீனிக் குளிசைகளான மெற்போமின், எம்பாகிளிபுளோசின் வகை, பிறசர்க் குளிசைகளான நீர்போக்கி, லொசாட்டன் வகை ஆகியவற்றை நிறுத்தச் சொல்வது வழக்கம். சாப்பாடும் தண்ணியும் ஒருநாள், இரண்டுநாள் ஒழுங்கானபின் திரும்பத் தொடங்குவது. இதைத்தான் வைத்தியரின் தாளில் எழுதி வாங்கச் சொன்னது. இன்சுலினை மட்டும் தானாக முழுதாக நிறுத்தக்கூடாது. இந்த நேரத்தில் ஜீவனிப் பைக்கற் (வயிற்றோட்டத்துக்குத் தண்ணியில் கரைக்கும் தூள்) குடிக்கலாம், உப்பும் குளுக்கோசும் உள்ள அதே காரணத்துக்காக. மற்ற நாட்களில் வெயிலுக்கென்று குடிப்பது பிழை. மேல்பிறசர் 180க்கு மேல் நெஞ்சுவலியோ வாய்கோணலோ பார்வை மங்கலோ சேர்ந்தால், அல்லது சத்தியோடு மயக்கம் வந்தால், 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். நோயாளர் வண்டி இலவசம். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை நகருக்குள். வடமராட்சியில் பருத்தித்துறை, வலிகாமத்தில் தெல்லிப்பழை, தென்மராட்சியில் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகள் கிட்ட.

திரும்பி வரும்போது சொந்தக்காரர் கட்டித்தரும் பெட்டியையும் கணக்கில் எடுங்கள். கருவாடு, மாங்காய் ஊறுகாய், மோர்மிளகாய், பனங்கட்டி எல்லாம் சேர்த்து மூன்று மாத உப்பும் சீனியும் வீட்டுக்கு வரும். உப்புப் போட்டுக் காயவைத்த பல கருவாட்டு வகைகளில் 100 கிராமுக்கு 10 கிராமுக்கு மேல் உப்பு உண்டு. ஆகவே 25 கிராம் துண்டே நாளின் பாதி உப்பு. சமைக்க முன் இளஞ்சூட்டுத் தண்ணியில் அரை மணித்தியாலம் ஊறவிட்டு, தண்ணியை ஊற்றிவிட்டுத் திரும்ப ஊறவிடுங்கள்; உப்பு முழுதும் போகாது, கொஞ்சம் இறங்கும். கத்தரிக்காயோ முருங்கைக்காயோ அதிகமாகப் போட்டு அந்தக் கறிக்கு வேறு உப்பே சேர்க்காதீர்கள். மிச்சத்தைச் சிறு பைகளாகப் பிரித்து உறைபெட்டியில் வைத்தால், மாதத்துக்கு ஒரு பையே வெளியே வரும்.