மின்புலத்தில் எலக்ட்ரான் மேகம் எவ்வளவு நகரும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

அணுவின் மொத்த மின்னூட்டம் சுழி. சீரான மின்புலம் அதை அப்படியே இழுத்துக்கொண்டு போக முடியாது. ஆனால் உள்ளே அணுக்கரு ஒரு பக்கமும் எலக்ட்ரான் எதிர்ப்பக்கமும் இழுபடும். எவ்வளவு என்று பார்க்க ஒரு கால்குலேட்டர் போதும்.

படி 1: சூரியனைச் சுற்றும் கோள்கள் படத்தை மறந்துவிடுங்கள். ஆர்பிட்டால் என்பது எலக்ட்ரான் ஓடும் தடம் அல்ல. எங்கே இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று காட்டும் மேகம். ஹைட்ரஜனின் அடிநிலையில், அதாவது ஆற்றல் மிகக் குறைந்த நிலையில், அந்த மேகம் உருண்டையானது. அதற்கு அளவுகோல் போர் ஆரம், 0.053 நானோமீட்டர்.

படி 2: அந்தத் தொலைவில் புரோட்டானின் புலம் மீட்டருக்குச் சுமார் 51,400 கோடி வோல்ட். காற்றில் தீப்பொறி பறக்கவே மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் போதும்; அதையே நாம் வெளியிலிருந்து கொடுக்கும் புலமாக எடுத்துக்கொள்வோம். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 0.0000058.

படி 3: இதை 4.5-ஆல் பெருக்குங்கள். அது ஹைட்ரஜனின் முனைவாகும் தன்மை (புலத்தில் மேகம் எவ்வளவு எளிதாக விலகும் என்பதன் அளவு), அணு அலகில். (ஹீலியத்துக்கு இது 1.4 தான்; வெளி எலக்ட்ரானைத் தளர்வாகப் பிடித்திருக்கும் சீசியத்துக்குச் சுமார் 400.) கிடைப்பது 0.000026. அதாவது மேகத்தின் மையம் போர் ஆரத்தில் அவ்வளவு பங்குதான் நகர்கிறது: 0.0000014 நானோமீட்டர். ஒரு புரோட்டானின் விட்டம்கூட இல்லை! முதல்முறை இந்த விடை வந்தபோது எங்கோ சுழியை விட்டுவிட்டேன் என்று நினைத்து மறுபடி போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

படி 4: இப்போது அதே ஹைட்ரஜனை இரண்டாம் ஆற்றல் மட்டத்துக்கு ஏற்றுங்கள். அங்கே உருண்டையான 2எஸ், இரு பக்கமும் புடைத்த 2பி ஆகிய ஆர்பிட்டால்களுக்கு ஏறக்குறைய ஒரே ஆற்றல். அதனால் அதே புலத்தில் இரண்டும் தாராளமாகக் கலந்து, மேகம் ஒரு பக்கம் பருத்துவிடும். மையம் 3 போர் ஆரம் தள்ளிப்போகும். அடிநிலையைவிட ஒரு லட்சம் மடங்குக்கு மேல். 1913-ல் ஜெர்மன் இயற்பியலாளர் ஸ்டார்க், மின்புலத்தில் ஹைட்ரஜனின் நிறமாலைக் கோடுகள் (அது உமிழும் ஒளியின் தனித்தனி நிறங்கள்) பிளவதைக் கண்டது இப்படிக் கிளர்ந்த நிலைகளால்தான்.

படி 5: காந்தப்புலம் வேறு மாதிரி. சாதாரண ஆய்வகப் புலத்தில் மேகத்தின் உருவம் மாறுவது மிகச் சொற்பம். ஒரே ஆற்றலில் இருந்த பி ஆர்பிட்டால்கள், எலக்ட்ரானின் தற்சுழற்சியை (ஸ்பின்) கணக்கில் எடுக்காவிட்டால், மூன்று ஆற்றல்களாகப் பிரியும். 1 டெஸ்லாவில் இடைவெளி வெறும் 0.000058 எலக்ட்ரான் வோல்ட். 1896-ல் டச்சு இயற்பியலாளர் சீமன் சோடியச் சுடரைக் காந்த முனைகளுக்கு நடுவே வைத்தபோது முதலில் கண்டதும் பிளவு அல்ல, கோடுகள் லேசாக அகன்றதைத்தான்.