கோமாரித் தடுப்பூசியின் பலனை அளக்கச் சீரம் மாதிரி எடுக்கும் முறை

செட்டிநாட்டுக் கிராமங்களில் கோமாரித் தடுப்பூசியின் பலனை ஆராய வரும் மாணவர்கள், மாட்டின் சீரத்தில் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) எதிர்ப்பொருள், அதாவது நோயை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம், இருப்பதை மட்டும் கண்டு முடிவுக்கு வரக் கூடாது. வைரஸின் எந்தப் புரதத்துக்கு எதிராக அது உருவாகியுள்ளது என்பதையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் போடப்படும் தடுப்பூசியில் ஓ, ஏ, ஆசியா 1 ஆகிய மூன்று வகை வைரஸ்களும் செயலிழந்த நிலையில் உள்ளன. கட்டமைப்பு சாராத புரதங்கள், அதாவது வைரஸ் பெருகும்போது உருவாகி அதன் துகளில் இடம்பெறாதவை, பெரும்பாலும் நீக்கப்பட்டிருக்கும். ஆகவே தடுப்பூசி மட்டும் பெற்ற மாட்டில் வைரஸின் உறைப் புரதங்களுக்கு எதிர்ப்பொருள் தோன்றும். நோய் கண்டு மீண்ட மாட்டில் 3ஏபி போன்ற கட்டமைப்பு சாராத புரதங்களுக்கும் தோன்றும். பலமுறை ஊசி போட்ட மாடுகளில் சில நேரம் இந்த வேறுபாடு மங்கும் என்பதால், ஊசி வரலாற்றை உரிமையாளரிடம் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஊசி போடும் நாளன்று, போடுவதற்கு முன்பே, முதல் மாதிரியை எடுத்துவிட வேண்டும். அது இல்லாமல் 28ஆம் நாள் எடுக்கும் இரண்டாம் மாதிரியில் காணும் எதிர்ப்பொருள் எப்போது உருவானது என்று சொல்ல வழியில்லை. புலிக்குளம் என்னும் நாட்டு இன மாட்டுக் கிடைகள் மேய்ச்சலுக்கு இடம்பெயர்பவை. எனவே அடுத்த மாதம் கிடை எங்கே அமரும் என்பதை முதல் நாளே கேட்டுவையுங்கள். காதுத் தோட்டிலுள்ள 12 இலக்க எண்ணைக் குழாயின் மேலும் பதிவேட்டிலும் எழுதுங்கள்.

உறைவுத் தடுப்பான் சேர்க்காத குழாயில் கழுத்துச் சிரையிலிருந்து இரத்தம் எடுத்து, நிழலில் சாய்த்து வைத்து உறையவிடுங்கள். நம் பகுதி வெயிலில் இதுவே மிகக் கவனம் வேண்டும் கட்டம். உறையும் முன் குலுக்கினாலோ, சீரம் பிரிக்காத முழு இரத்தத்தைப் பனிக்கட்டியாகும் குளிரில் வைத்தாலோ சிவப்பணுக்கள் உடைந்து சீரம் சிவந்துவிடும். அத்தகைய மாதிரி எதிர்ப்பொருளை அளக்கும் எலைசா சோதனைக்கு நம்பத் தகுந்ததன்று. பிரித்த சீரத்தைச் சில நாட்களுக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸிலும், நெடுநாளுக்கு மைனஸ் 20 டிகிரியிலும் வைக்கலாம்.

ஊசி மருந்து வைத்திருந்த பெட்டியின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். வெப்பத்தில் முழு வைரஸ் துகள் சிதைந்தால் எதிர்ப்பொருளைத் தூண்டும் அதன் திறன் வெகுவாகக் குறைகிறது. மருந்து உறைந்துபோனாலும் கெடும். இரண்டாம் மாதிரியில் எதிர்ப்பொருள் உயராவிட்டால் முதலில் இக்குறிப்பைப் பாருங்கள். இளங்கன்று என்றால், தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்பொருளும் ஊசியின் தூண்டுதலைத் தடுத்திருக்கலாம். தாய்க்கு எப்போது ஊசி போடப்பட்டது என்பதைப் பதிவேட்டில் சேர்த்த பிறகே அக்கன்றின் முடிவைக் கணக்கில் எடுங்கள்.