கரை போனால் தெற்கே பாருங்கள்

புதுச்சேரிக்கு வடக்கே, கோட்டக்குப்பத்தைத் தாண்டி எங்கள் குப்பம். கடல் அரிப்பைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கடலையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் அவர்களைத் தெற்கே திரும்பச் சொல்வேன். உங்கள் ஊர்க் கரையையும் இப்படிப் பார்த்துப் பழகலாம். ஒரு கயிறும் நோட்டும் போதும்.

முதலில் மணல் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிய வேண்டும். அலை உடைகிற இடத்தில் ஒரு தேங்காய் மட்டையை வீசிவிட்டு, பத்து நிமிடம் அதன் கூடவே நடங்கள். சோழகக் காற்று, அதாவது தென்காற்று, அடிக்கிற காலத்தில் வடக்கே போகும். வாடை அடித்தால் தெற்கே திரும்பும். மட்டை போகிற வழிதான் மணலும் போகிறது. எங்கள் பக்கம் வருஷத்தில் ஏறக்குறைய எட்டு மாதம் வடக்குதான்.

அப்புறம் அந்த ஓட்டத்தை எது மறிக்கிறது என்று தேடுங்கள். எங்களுக்கு அது, 1980களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள். கூகுள் எர்த்தில் கடிகாரப் படத்தை அழுத்திப் பழைய வருஷங்களுக்குப் போங்கள். சுவருக்குத் தெற்கே மணல் மேடு. வடக்கே, காந்தி சிலை இருக்கும் கடற்கரைச் சாலையில் வெறும் கருங்கல். (தலைமைச் செயலகம் பக்கம் இப்போது இருக்கும் மணல், 2018 வாக்கில் கடலுக்கடியில் ஆப்பு வடிவில் ஒரு தடுப்பு இறக்கிய பிறகு வந்தது.) தெற்கே தேங்கும் மணலை வடக்கே கொண்டுவந்து கொட்டும் ஏற்பாடு துறைமுகத் திட்டத்திலேயே உண்டு. ஒழுங்காக நடக்கவில்லை.

சென்னைக்காரர்களுக்கு இது பழைய கதை. 1870களில் கட்ட ஆரம்பித்த துறைமுகம்தான் மெரினாவுக்கு இவ்வளவு அகலம் கொடுத்தது. அது யார் வீட்டு மணல் என்று துறைமுகத்துக்கு வடக்கே இருக்கிற ராயபுரத்தில் கேளுங்கள்.

தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போடும் கல் தடுப்பு) போட்ட கரை என்றால், ஒவ்வொரு வளைவுக்கும் இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். தெற்கே சேர்ந்திருக்கும், வடக்கே வெட்டியிருக்கும். மேலிருந்து பார்த்தால் ரம்பப் பல் மாதிரி. கடைசி வளைவுக்கு வடக்கே இருக்கிற ஊர்தான் அடுத்த மனுவோடு கலெக்டர் ஆபீஸில் நிற்கும்.

அளப்பதில் நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். கரையோரத் தென்னை ஒன்றில் ஆணி அடித்து, அதிலிருந்து அளந்தேன். இரண்டாவது கார்த்திகையில் தென்னையே கடலுக்குள் போய்விட்டது. இப்போது மாரியம்மன் கோயில் மதில் மூலைதான் என் குறி. அங்கிருந்து, கடல் குப்பை ஒதுங்கிய கோடு வரை கயிறு பிடிக்கிறேன். மாசி அளவை அடுத்த மாசியோடுதான் ஒப்பிட வேண்டும், அதுவும் அமாவாசை என்றால் அமாவாசையோடு. வாடைக்காலத்தில் போன மணலில் ஒரு பங்கு கோடையில் திரும்பும். மார்கழியையும் சித்திரையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கரை வளர்கிறது என்று சந்தோஷப்பட்டு ஏமாந்தவன் நான்.

படமும் கயிறும் எட்டாத காலத்துக்குக் கரைவலை இழுத்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று இழுக்க அகலமான மணல் வேண்டும். எங்கே நின்றோம் என்பது அவர்களுக்கு மறக்காது. எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் கை காட்டிய இடம், அலை உடைகிற இடத்துக்கும் அப்பால் இருந்தது. கயிறு போகாத தூரம். கண்மதிப்பாக நோட்டில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.